தகிடுதத்தம் என் கடையில்தான் பிறந்தது

என் உயிரினும் மேலான அக்கா மகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதிக்கொண்டது. இங்கே நான் சௌக்கியம், உன் அத்தை என்னைவிடச் சௌக்கியம், தையல் மிஷின்தான் நேற்றிலிருந்து கொஞ்சம் சுகவீனமாக இருக்கிறது. அதன் காரணத்தைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கே உன் உடம்பும் மனசும் நலமாக இருந்து, முக்கியமாக மனசு நலமாக இருந்து, இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் கடைசிவரை படிக்கிற பொறுமையை உனக்கு எல்லாம்வல்லவன் கொடுக்கட்டும். நிற்க.

நீ போனை எடுக்கவில்லை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. உன் அத்தை கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுக்கிறாய், பின்னாலிருந்து என் தொண்டைக் கனைப்பு கேட்டதும் "லைன் சரியில்ல அத்தை" என்று வைத்துவிடுகிறாய். லைன் நன்றாகத்தான் இருக்கிறது, கம்பெனிக்கே போன் போட்டு விசாரித்துவிட்டேன். ஆகவே கடிதம். நீ அகராதி ஆபீஸில் வேலை பார்க்கிற பெண், எதுவும் எழுத்தில் இருந்தால்தான் நம்புவாய். எனக்கும் எழுத்து புதிதல்ல. எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன் நான். கூட்டிப் பார்த்தால் பத்து வருஷப் படிப்பு வருகிறது.

நேற்று நீ கீழே டீக்கடையில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மேலே மூன்றாம் மாடியில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் நீயாக ஏதோ கற்பனை செய்துகொண்டு, மாமாவால் வேலை போச்சு என்று உன் அம்மாவிடம் அழுதிருக்கிறாய். என் அக்காவும் என்னைக் கேட்காமல் உன்கூட அழுதிருக்கிறாள். ரெண்டு பேரும் முகத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள். வேலை போகவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் ஒன்றைக் கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். குறைத்துச் சொல்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே இல்லை.

உங்கள் ஆபீஸ் வழக்கம் எனக்கு அத்துப்படி. எந்தச் சொல்லையும் சும்மா சேர்த்துவிட மாட்டீர்கள். வெளியிலிருந்து ஒரு ஆள் நேரில் வந்து, இந்தச் சொல் இப்படித்தான் என் காதுக்கு வந்தது என்று வாயால் சொல்ல வேண்டும், அவர் பெயர் சாட்சி. சாட்சி பேசும்போது சொல்லை எழுதிக் கொடுத்தவர் அந்த அறையில் இருக்கக் கூடாது, கண்ணைக் காட்டிச் சொல்லிக்கொடுத்துவிடுவார் என்று பயம். நல்ல வழக்கம். உனக்கு விழுந்த சொல் தகிடுதத்தம். நீ எழுதியது என்ன? "பொருள்: ஏமாற்று வேலை, பித்தலாட்டம். பிறப்பு: தெரியவில்லை." ஏன்மா, படித்த பெண் எழுதுகிற எழுத்தா இது? உங்கள் பெரிய ஐயா அதைப் பார்த்துவிட்டு, "நம்ம அகராதியில 'தெரியவில்லை'ங்கறது 'த' வரிசையில மட்டும்தான் வரணும், வேற எங்கேயும் வரக் கூடாது" என்று சொன்னதும், இந்தச் சொல் தேறினால் உன் தற்காலிக வேலை நிரந்தரம், தேறாவிட்டால் மாதக் கடைசியோடு கும்பிடு என்று சொன்னதும் நீயே உன் அத்தையிடம் சொல்லி மூக்கைச் சிந்தியதுதான். நான் திரைக்குப் பின்னால் தைத்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. விழுந்தது என்றால் நானாகத்தான் மிஷினை நிறுத்தினேன்.

நீ சாட்சிக்கு ஏற்பாடு செய்தது உங்கள் தெருக்கோடி ரிட்டையர்டு தமிழ் வாத்தியாரை. தங்கமான மனிதர், என்னிடம்தான் சட்டை தைக்கிறார். முந்தின நாள் கடைக்கு வந்து, "நாளைக்கு உங்க அக்கா பொண்ணுக்காகச் சாட்சி சொல்லப் போறேன், அந்தச் சட்டையைக் கொடுத்துட்டா போட்டுட்டுப் போயிடுவேன்" என்றார். சட்டை துணியாகவே இருந்தது. நான் பேச்சை மாற்றி, "என்ன சார் சொல்லப் போறீங்க?" என்றேன். "உண்மையைத்தான். அந்தச் சொல்லோட மூலம் இன்னதுன்னு யாருக்கும் நிச்சயமாத் தெரியாது, அவ எழுதினது சரின்னு சொல்லப் போறேன்" என்றார். தெரியாது என்று சொல்வதற்கு ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு புதுச் சட்டை! மருமகளின் வேலைக்கு இவர் கொள்ளி வைத்துவிடுவாரே என்று பதறி, "சார், அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போச்சாம், உங்ககிட்ட சொல்லச் சொன்னா. சட்டையும் அன்னைக்கு ரெடியாயிடும்" என்று அனுப்பிவைத்தேன். ஒரே கல்லில் ரெண்டு மாங்காய். கல்லும் வீணாகவில்லை, மாங்காயும் வீணாகவில்லை.

சாட்சிக்கு நானே கிளம்பினேன். வெறுங்கையோடு போனால் நம்புவார்களா? மிஷினையும் எடுத்துக்கொண்டேன், இரும்புக் காலோடு, மிதிபலகையோடு. பெரிய இடத்துக்குப் போகிறோமே என்று கடையில் மாட்டியிருந்த கோட்டுகளில் நல்லதாக ஒன்றைப் போட்டுக்கொண்டேன். உன் அத்தை வாசலில் நின்று, "அந்தப் பொண்ணு உங்களைக் கூப்பிடவே இல்லையே" என்றாள். "ஆம்புலன்ஸையும் அடிபட்டவன் கூப்பிட மாட்டான், பார்க்கிறவன்தான் கூப்பிடணும்" என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் பேச்சுக்கு அவளிடமிருந்து பதில் வந்து வருஷக்கணக்காகிறது.

உங்கள் கட்டடத்து லிஃப்ட்டில் நாலு பேருக்கு மேல் ஏறக் கூடாதாம். லிஃப்ட்காரர் மிஷினைப் பார்த்துவிட்டு, "இது என்ன கணக்கு?" என்றார். "இதுவும் சாட்சிதான், ஒரு ஆளா வெச்சுக்குங்க" என்றேன். அந்த மனுஷன் உடனே மரியாதையாக, "எந்த மாடிக்குப் போகணும்?" என்று மிஷினைப் பார்த்துக் கேட்டார். மேலே போகிற குலுக்கலில் சக்கரம் தானாகச் சுற்ற ஆரம்பித்து, தோல்பட்டை அவருடைய பேன்ட் காலைக் கவ்வி, முழங்கால் வரைக்கும் கிழித்துவிட்டது. வேறு ஒருவனாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு நழுவியிருப்பான். நான் தொழில்காரன். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட்டை நிறுத்தச் சொல்லி, அவர் காலோடு சேர்த்தே பேன்ட்டை மிஷினில் வைத்து, தோலில் ஊசி படாமல் தைத்துக் கொடுத்தேன். கீழே ஜனங்கள் கதவைத் தட்டிக் கத்தியதெல்லாம் அதனால்தான். நீ டீக்கடையிலிருந்து பார்த்து, லிஃப்ட் ரிப்பேர் என்று நினைத்திருப்பாய். இல்லை, லிஃப்ட் நன்றாக இருந்தது, பேன்ட்தான் ரிப்பேர். தைத்து முடித்ததும் அவர் காலை நீட்டி மடக்கிப் பார்த்து, "முன்னைவிட நல்லா இருக்குதுங்க, ஆனா இந்தக் கால் கொஞ்சம் குட்டையாயிடுச்சு" என்றார். பேன்ட்டைத்தான் சொன்னார்.

மேலே நீளமான அறை. நீளமான மேஜை, தொங்குகிற விரிப்பு. நடுவில் உங்கள் பெரிய ஐயா, ஒரு பக்கம் கழுத்தில் சங்கிலியோடு கண்ணாடி தொங்கவிட்டிருக்கும் அந்த அம்மா, இன்னொரு பக்கம் நான் சொல்வதையெல்லாம் அடித்துக்கொள்ள ஒரு தட்டச்சுக்காரர். "வாத்தியார்னு போட்டிருக்கே?" என்றார் ஐயா. "அவருக்கு அடுத்த வாரந்தான் சௌகரியப்படும், நான் அந்தச் சொல்லுக்குப் பெத்த தகப்பன் மாதிரி" என்றேன். மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பேச்சு என்றால் அப்படி ஆரம்பிக்க வேண்டும்.

பிறகு சொன்னேன். தையற்கடையில் வெள்ளிக்கிழமை என்று சொன்ன துணி வெள்ளிக்கிழமை கிடைத்ததாக உலக சரித்திரத்தில் இல்லை. அது தையல்காரன் குற்றமும் இல்லை, வெள்ளிக்கிழமையின் குற்றம், சீக்கிரம் வந்துவிடுகிறது. துணிக்கு உரியவர் வந்து வெளியே பெஞ்சில் உட்காருவார். உள்ளே அவர் துணி மடிப்புக் கலையாமல் அலமாரியில் தூங்கும். திரைக்கு இந்தப் பக்கம் நான் என்ன செய்வேன்? துணியே வைக்காமல் வெறும் மிஷினை மிதிப்பேன். அவர் சத்தத்தைக் கேட்டு, ஆகா நம்ம துணிதான் ஓடுகிறது என்று முகம் மலர்வார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சரி, அவசரமில்லை, நாளைக்கு வரேன்" என்று அவரே எழுந்து போவார். துணி இருந்தால் மிஷின் டர்ரென்று கனமாகப் பேசும். வெறும் மிஷின் மட்டுமே தகிடுதத்தம், தகிடுதத்தம் என்று சொல்லும். இதை முதலில் கண்டுபிடித்தவர் பக்கத்துக் கடை கடிகார ரிப்பேர்க்காரர். சத்தத்தோடு வாழ்கிறவர் இல்லையா, வித்தியாசம் காதில் பட்டுவிட்டது. ஒருநாள் தெருவில் நின்று, "யோவ், உன் தகிடுதத்தத்தையெல்லாம் வேற யார்கிட்டயாவது வெச்சுக்கய்யா, என் பேன்ட்டைக் கொடு!" என்று கத்தினார். அப்போது ஒரு பஸ் நிறைய ஜனம் அந்தப் பக்கம் போனது. பஸ்ஸில் போனவர்கள் வழியெல்லாம் சொன்னார்கள். அப்புறம் கப்பலில் கூடப் போயிருக்கிறது என்று கேள்வி.

கண்ணாடி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இந்தச் சொல் நீங்க பிறக்கிறதுக்கு முன்னாலேயே புழக்கத்துல இருக்கே" என்று ஒரு போடு போட்டார். அசருவேனா? "சொல்லு இருந்திருக்கலாம்மா, ஆனா வேலை வெட்டி இல்லாமச் சும்மா சுத்திக்கிட்டு இருந்திருக்கும். நான்தான் அதுக்கு ஒரு நிரந்தர வேலை போட்டுக் கொடுத்தேன்" என்றேன். வேலை என்ற பேச்சை அந்த இடத்தில் நுழைத்தது உனக்காக. கவனித்தாயா?

"சரி, சத்தத்தைக் காட்டுங்க" என்றார் ஐயா. உட்கார்ந்து மிதித்தேன். டர்ரென்று கேட்டது. எனக்கே ஆச்சரியம். "தகிடுதத்தம்னு கேக்கலையே" என்றார் அம்மா. இன்னும் வேகமாக மிதித்தேன், இன்னும் கனமாக டர்ரென்றது. "சார், என் கை! சார், என் கை!" என்று தட்டச்சுக்காரர் அலறிய பிறகுதான் பார்க்கிறேன், மேஜைவிரிப்பின் ஓரம் ஊசிக்கடியில் போய், அதோடு அவருடைய முழுக்கைச் சட்டையும் போய், ரெண்டும் சேர்ந்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோட்டில் தைத்து முடிந்திருந்தது. "அசையாதீங்க, முடிச்சுப் போட்டுடறேன்" என்றேன். பழக்கதோஷம். அவர் பயந்து எழுந்தார். விரிப்பு அவரோடு கிளம்பியது. விரிப்போடு மேஜை மேலிருந்த தண்ணீர்க் கூஜா, தேநீர்க் கோப்பைகள், 'ச' வரிசைச் சீட்டுகள் எல்லாம் கிளம்பின. நீ கீழே கேட்ட பெரிய சத்தம் அதுதான். யாருக்கும் அடியில்லை, 'ச' வரிசைதான் கொஞ்சம் நனைந்துவிட்டது. அதில் சாம்பார் வரை படிக்க முடிகிறதாம், அதற்கப்புறம் வழவழவென்று போய்விட்டதாம்.

அவர் கையைப் பிரித்துவிட்டு, விரிப்பைத் தள்ளிவிட்டு, நிஜமாகவே வெறும் மிஷினை மிதித்தேன். இப்போது வந்தது பார் சத்தம்! தகிடுதத்தம், தகிடுதத்தம் என்று அறையெல்லாம் நிறைந்தது. நிறுத்திவிட்டு நிமிர்ந்தால், பெரிய ஐயா கண்ணை மூடிக்கொண்டு எழுந்து நிற்கிறார். முகத்தில் ரத்தமே இல்லை.

"இந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கேன்" என்றார்.

"கேட்டிருப்பீங்க ஐயா, உலகம் பூரா பரவினது" என்றேன்.

"உலகத்துல இல்ல. பச்சைத் திரை போட்ட ஒரு கடையில. பெஞ்சுல உக்காந்து கண்ணை மூடிக்குவேன். இப்ப கை தைக்கிறான், இப்ப காலர் தைக்கிறான்னு மனசுக்குள்ளயே ஒவ்வொண்ணா தைச்சுப் பார்த்துக்கிட்டு வீட்டுக்குப் போவேன். எனக்கு விருது கொடுக்கறதா இருந்தது, அதுக்குப் போட்டுக்கிட்டுப் போகக் கோட்டு. கோட்டு வரலை. நான் விருதுக்குப் போகலை. வீட்டுக்கு அனுப்பினாங்க, தபால்ல உடைஞ்சு வந்தது." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அப்போ உள்ளே ஒண்ணுமே ஓடலையா?"

"மிஷின் ஓடிச்சு ஐயா. பொய் சொல்லக் கூடாது."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் என்றதும் என் வாய் சும்மா இருக்காது. "என்ன கலர் ஐயா?" என்று கேட்டுவிட்டேன். "சாம்பல் கலர். உள்ளே நீல லைனிங்" என்றார். தட்டச்சுக்காரர் மெதுவாக எழுந்து வந்து, கிழிந்த கையாலேயே என் கோட்டின் முனையைத் தூக்கிப் பார்த்தார். நீலம்.

மருமகளே, வேறு எவனாக இருந்தாலும் ஜன்னல் வழியாகக் குதித்திருப்பான். எனக்கு என் மானம் பெரிதாகத் தோன்றவில்லை, கீழே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் உன் முகம்தான் கண்ணில் நின்றது. "அளவு சரியா வந்திருக்கான்னு நானே போட்டுப் பார்த்துக்கிட்டிருக்கேன் ஐயா" என்றேன்.

"இத்தனை வருஷமாவா?"

"அவசரப்பட்டுக் கொடுத்துடக் கூடாதில்லையா?"

கண்ணாடி அம்மா, "வாட்ச்மேனைக் கூப்பிடறேன்" என்று எழுந்தார். ஐயா கையைக் காட்டி நிறுத்தினார். கழற்றிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டார். தோள் கச்சிதம், கை கச்சிதம், வயிற்றில் மட்டும் பொத்தான் ஓட்டைக்கும் பொத்தானுக்கும் ஜென்மப் பகை. "மூச்சை உள்ளே இழுங்க" என்றேன், இழுத்தார், போட்டேன். ஜன்னல் கண்ணாடியில் முன்னாலும் பின்னாலும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அப்புறம் மூச்சை விட்டார். பொத்தான் பறந்துபோய்த் தட்டச்சு மிஷினுக்குள் விழுந்தது. அந்த நிமிஷத்தில் அந்த மனுஷர் சிரித்தார் பார், மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஏமாத்தினவனும் ஏமாந்தவனும் ஒரே அறையில இருந்து ஒரே சத்தத்தை அடையாளம் காட்டியிருக்கோம். எந்த அகராதிக்குக் கிடைக்கும் இந்தச் சாட்சி?" என்றார். "ஐயா, இது சாட்சி இல்ல, வாக்குமூலம்" என்றார் கண்ணாடி அம்மா. ஐயா காதில் வாங்கவில்லை. சிவப்பு மையால் உன் 'தெரியவில்லை'யை அடித்தார். அடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

அத்தோடு முடியவில்லை. ஐயாவுக்கு ருசி கண்டுவிட்டது. "டகால்டிக்கு மூலம் தெரியுமா?" என்றார். பெட்டிக்குள் சரக்கு இருப்பதாகக் காட்டும் வியாபாரி ஒருவன், மூடியை டகால் என்று திறந்து, நாம் எட்டிப் பார்ப்பதற்குள் டி என்று மூடிவிடுவான், அதுதான் என்றேன். "கோல்மால்?" என்றார். ஆசாரி ஒருவரிடம் ரெண்டு அளவுகோல் இருந்தது, மரம் வாங்க நீளமானது, நாற்காலி விற்கக் குட்டையானது, மால் என்பது அவருடைய மச்சினன், அவன்தான் கோலை மாற்றி மாற்றி எடுத்துக் கொடுப்பான் என்றேன். எங்கிருந்து வருகிறதென்று எனக்கே தெரியவில்லை, ஊற்று மாதிரி வந்துகொண்டே இருந்தது. தட்டச்சுக்காரர் கை கிழிந்ததையும் மறந்து தட்டினார். "டுபாக்கூர்?" என்று கேட்டபோது மட்டும், "அதை நாளைக்கு வாங்கிக்குங்க ஐயா" என்று நிறுத்திவிட்டேன். தையல்காரன் எதையும் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தால் மதிப்பிருக்காது. ஐயா என் கையைப் பிடித்துக் குலுக்கி, "அந்த நிரந்தர வேலையைப் பத்தி இனிமே நான் யோசிக்கவே வேண்டியதில்லை" என்றார். இதே வார்த்தை. வேண்டுமானால் கண்ணாடி அம்மாவைக் கேட்டுப் பார். அவர் அப்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார், ஆனாலும் காது கேட்கும்.

நான் கோட்டு இல்லாமல், மிஷினைப் படிக்கட்டு வழியாக உருட்டிக்கொண்டு கீழே வந்தபோது நீ டீக்கடையில் இல்லை. தள்ளுபடி ஆன சாமானைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி தூரத்திலிருந்து நான் உனக்குத் தெரிந்திருப்பேன், அதைப் பார்த்துத்தான் ஓடியிருக்கிறாய். படிக்கட்டில் உருண்டதில் மிஷினுக்குக் கைப்பிடி வளைந்துவிட்டது. அதற்காக உன்னிடம் நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. மருமகளுக்காகத் தாய்மாமன் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஆகவே தைரியமாக இரு. நன்றாகச் சாப்பிடு. நாளைக்குத் தலைநிமிர்ந்து ஆபீஸுக்குப் போ. உன் மேஜையைத் துடைத்து, பெயர்ப்பலகைக்கு இடம் பார்த்து வை. என் அக்காவுக்கு என் அன்பைச் சொல், என்னைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் மன்னித்துவிட்டேன் என்றும் சொல். நீ நீடூழி வாழ்ந்து, பதவி மேல் பதவி ஏறி, வாயும் மனசும் வாடாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் பிரியமுள்ள தாய்மாமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் உங்கள் ஆபீஸிலிருந்து ஆள் வந்தார். நிரந்தர வேலைக்கான உத்தரவைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார். நான் சொன்னபடியே ஐயா வாக்குத் தவறவில்லை. ஆனால் அதில் என் பெயர் போட்டிருக்கிறது. எந்தச் சொல்லைக் கேட்டாலும் 'தெரியவில்லை' என்று சொல்லாத ஒரு ஆளைத்தான் இத்தனை காலமாகத் தேடிக்கொண்டிருந்தாராம். முதல் நாளே டுபாக்கூரில் ஆரம்பிக்க வேண்டுமாம். நான் உடனே உன்னைத்தான் நினைத்தேன். "அந்தப் பொண்ணு?" என்று கேட்டேன். இருப்பது ஒரு இடம், அதோடு ஒரே குடும்பத்தில் ரெண்டு பேர் அங்கே வேலை செய்யக் கூடாதென்று விதி இருக்கிறதாம். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஐயா அந்த விதியைத் தளர்த்திடுவார்" என்று அந்த ஆள் என் காதோடு சொன்னார். அவரை வைத்துக்கொண்டே கறாராகச் சொல்லிவிட்டேன், "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான், என் அக்கா மகள்ங்கறதுக்காக வளைக்க வேண்டாம்" என்று. அவர் அசந்துபோய்விட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு நேர்மையா என்று வாசல் வரை சொல்லிக்கொண்டே போனார்.